கவிழ்த்து ஒட்டிய மலைகள்

கொக்சொங்
28 ஆகஸ்ட் 1974

தம்பி தோகிலுக்கு,

முதலில் நல்ல சேதிகள். உன் இடுப்பு வலியை அப்புறம் விசாரிக்கிறேன்.

பெரிய பேரன் மன்சிக் மாவட்டப் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தான். நீதிபதி எழுந்து நின்று கைதட்டினாராம். உட்கார்ந்தபடிதான் தட்டினார் என்று என் மகன் இல்கூ சொல்கிறான், அவன் எதையும் குறைத்துத்தான் சொல்வான். பேத்தி ஹேசுக் மணிச்சட்டத்தில் இரண்டாம் நிலை தேறிவிட்டாள். நான் சந்தையில் முள்ளங்கி விலை கேட்டு முடிப்பதற்குள் மொத்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறாள், கடைக்காரன் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சின்னவன் பொக்தொலுக்கு முதல் பிறந்தநாள் முடிந்தது. எதை எடுப்பான் என்று பார்க்க, வழக்கம்போல் நூல், அரிசி, காசு, தூரிகை எல்லாம் முன்னால் பரப்பினோம். நேராகத் தவழ்ந்து போய்த் தூரிகையைத்தான் எடுத்தான்! வந்தவர்கள் எல்லாரும் "பாட்டியோட தம்பி மாதிரி ஓவியர்தான்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அதை வாயில் வைத்துக் கடித்துவிட்டான். பரவாயில்லை, எடுத்தது தூரிகைதானே.

நாங்கள் சாப்பிட்டுத் தூங்கி நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? வாடகை வீட்டுக்காரி நேரத்துக்குச் சோறு போடுகிறாளா?

உன் குரு இறந்து பத்தாம் ஆண்டு என்று சீடர்கள் எல்லாரும் சேர்ந்து கண்காட்சி வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். அது முடிந்திருக்குமே. உன் படத்தைப் பார்த்து யார் என்ன சொன்னார்கள்? ஒரு வரியும் காணோம். ஐந்தாவதோடு நின்றவளுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா சம்வோல்


சியோல்
9 செப்டம்பர் 1974

அன்புள்ள அக்கா,

பிள்ளைகளின் வெற்றிகளைப் படித்துச் சிரித்தேன். பொக்தொல் தூரிகையைக் கடித்ததுதான் சரி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. என் இடுப்பு பழையபடியே. வீட்டுக்காரி சோறு போடுகிறாள், கூடவே புத்திமதியும்.

கண்காட்சியைப் பற்றி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. மூத்த சீடர் பே ஐயா வந்தார். குருவின் படங்கள் வடக்குச் சுவரில், எங்கள் படங்கள் எதிர்ச் சுவரில். அவர் என் மலைப் படத்தின் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "குருவோட இந்தப் படத்தை நான் பாத்ததே இல்லையேப்பா! கடைசிக் காலத்துல போட்டிருப்பார் போல. கை எப்படிக் கனிஞ்சிருக்கு பாரு."

அவர் கேலி செய்யவில்லை அக்கா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

படக்கூடம் நடத்தும் திருமதி பாங் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வாசல்வரை கூட வந்தார். "வசந்தத்துல உங்களுக்குன்னு தனியா ஒரு கண்காட்சி வைக்கணும்னு எனக்கு ஆசை. ஆனா ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க படத்தைப் பாத்தா, நீங்க உங்க குருவை இன்னும் அடக்கம் பண்ணலைன்னு தோணுது. உங்க படம்னு பத்துப் படம் கொண்டுவாங்க. கூடத்தைத் திறந்து விடறேன்."

ஐம்பத்தாறு வயதில் இதைக் கேட்டேன். பதினாறு வயதில் அவர் வீட்டில் மை அரைக்கப் போனவன் நான். பாறையை எப்படிக் கோடாக்குவது, பைன் ஊசியை எப்படி வறண்ட தூரிகையால் சுரண்டுவது, எல்லாம் அவர் கையைப் பார்த்துக் கற்றது. என் புனைபெயரே அவர் வைத்ததுதான். அவர் 'பைன் பாறை', நான் 'சின்னப் பைன்'.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். வசந்தத்துக்குள் எனக்கென்று ஒரு கை பிறக்காவிட்டால் படம் போடுவதை விட்டுவிடுவேன். ஏற்றுமதி விசிறிக் கம்பெனி ஒன்று கூப்பிடுகிறது. விசிறிக்கு விசிறி ஒரே செம்பருத்தி. அதை எங்கே உட்கார்ந்தும் போட்டு அனுப்பலாம் என்கிறார்கள்.

அடுத்த வாரம் இல்கூ அலுவலக வேலையாக இங்கே வரும்போது ஒரு கட்டுக் கொடுத்தனுப்புகிறேன். நான் தேறாது என்று ஒதுக்கிய மலைப் படங்கள். இங்கே நிலக்கரி உருண்டை அடுப்பு, தாளைப் போட்டால் வீடு முழுக்கப் புகை. குப்பையில் போட்டால் என் முத்திரையோடு கடைக்குப் போய்விடும். நம் வீட்டு அடுப்பில் எரித்துவிடு. பிரித்துப் பார்க்காதே.

குளிர் வருகிறது, கால் மூட்டைக் காப்பாற்றிக்கொள்.

தம்பி தோகில்


கொக்சொங்
6 அக்டோபர் 1974

தம்பிக்கு,

அறுவடைத் திருநாள் நன்றாகக் கழிந்தது. அம்மா அப்பா கல்லறையில் புல் வெட்டினோம். ஹேசுக் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவளுக்கு அவளைவிடக் கால் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். உன் இடுப்புக்கு மருந்துப் பட்டை அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

கட்டு வந்து சேர்ந்தது. கவலையை விடு. உன் படங்கள் எல்லாம் இப்போது நல்ல சூட்டில் இருக்கின்றன. இதற்கு மேல் கேட்காதே.

மேலறைத் தரைக்குப் புதுத் தாள் ஒட்டினேன். அடியில் ஓடும் அடுப்புச் சூட்டில் பழையது காய்ந்து கிழிந்துவிட்டது, அதற்காகத்தான். வேறு ஒன்றுமில்லை. ஆனால் இல்கூ தடித்த தரைத்தாளுக்குப் பதிலாக மெல்லிய தாளை வாங்கி வந்துவிட்டான். அலுவலகத்தில் எவ்வளவோ கோப்பு பார்க்கிற பிள்ளைக்குத் தாளைத் தொட்டுப் பார்க்கத் தெரியவில்லை. கடை மூடிவிட்டது, பசையோ காய்ந்துகொண்டிருக்கிறது, அதையே ஒட்டிவிட்டோம். பிறகு தாள் ஈரம் தாங்குவதற்காக, வழக்கம்போல் சோயாவை ஊறவைத்து அரைத்து, காட்டெள் எண்ணெய் கலந்து, துணியில் முடிந்து, தரை முழுக்கத் தேய்த்தேன். மூன்று முறை தேய்த்ததும் தரையெல்லாம் திட்டுத்திட்டாகக் கறை எழும்பிவிட்டது. தேமல் வந்த முதுகு மாதிரி இருக்கிறது.

எதிர்வீட்டு ஓச்சொன்காரி எட்டிப் பார்த்தாள். "என்னடி, மேலறையை இப்படிச் சோடிக்கிறே? தம்பி வரப் போறாரா?"

"தரை கிழிஞ்சா ஒட்டக் கூடாதா?"

"ஒட்டு ஒட்டு. அந்த அறைக்கு மட்டும் புதுத் தலையணையும் தைக்கிறியே, அதுவும் கிழிஞ்சிடுச்சா?"

அவளுக்கு வேறு வேலை கிடையாது.

விசிறி என்றால் கேவலமா என்ன? வெயிலில் ஜனங்களுக்கு உதவுகிற பொருள். ஆனால் உன் விருப்பம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா


சியோல்
24 அக்டோபர் 1974

அன்புள்ள அக்கா,

மருந்துப் பட்டை வந்தது. ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இடுப்பு கொஞ்சம் தேவலை, கைதான் தேறவில்லை.

இடது கையால் வரைந்து பார்த்தேன். குருவுக்கு வாதம் வந்தால் எப்படி வரைவாரோ அப்படி வந்தது. கோழி இறகில் தூரிகை கட்டினேன். விரல் நகத்தால் கீறினேன். குடித்துவிட்டு வரைந்தேன். காலையில் பார்த்தால் குரு குடித்துவிட்டு வரைந்த மாதிரி இருந்தது. அதன் பிறகு எல்லாவற்றையும் வைத்துவிட்டு புக்ஹன் மலைக்குப் போய்க் கண்ணில் பட்டதை மட்டும் வரைவது என்று உட்கார்ந்தேன். எதிரே நின்றது ஒரு கருவேல மரம். வீட்டுக்கு வந்து தாளை விரித்தால் பைன் மரம் நிற்கிறது! என் கை இன்னும் அவர் வீட்டு வேலைக்காரனாகவே இருக்கிறது அக்கா.

வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஐயா, நம்ம சேவல் காலை மையில முக்கித் தாள் மேல விடுங்க. அது யார்கிட்டயும் படிக்கல."

விசிறிக் கம்பெனிக்காரர்கள் மாதிரிக்கு ஒரு செம்பருத்தியை அனுப்பிவிட்டார்கள். மேசை மேல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அப்பா திவசத்துக்கு வருகிறேன். என் படங்களின் சாம்பலையாவது கோஸ் பாத்திக்குப் போட்டாயா? கிம்ச்சி ஊறுகாயிலாவது ருசி சேரட்டும்.

தோகில்


கொக்சொங்
2 நவம்பர் 1974

தம்பிக்கு,

வா. கட்டாயம் வா. ஆனால் இந்த முறை முன்னறையில் படுத்துக்கொள். மேலறைத் தரை இன்னும் சரியாகக் காயவில்லை.

முள்ளங்கி நன்றாக விளைந்திருக்கிறது. சூப்பு வைக்கிறேன். கம்பளிச் சட்டையை மறக்காதே.

அக்கா


கொக்சொங்
30 நவம்பர் 1974

தம்பிக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். நீ சேர்ந்ததாகக் கடிதம் போடவில்லை. பேருந்து நிலையத்து வாசலில் நீ ஏறியதை ஓச்சொன்காரியின் மகன் பார்த்ததால்தான் ஏறினாய் என்று தெரியும்.

உன்னை முன்னறையில் படு என்றுதான் எழுதினேன். திவசத்துக்கு இத்தனை உறவு வந்து முன்னறை நிறைந்துபோகும் என்று நான் கண்டேனா? உனக்கு மேலறைதான் மிஞ்சியது. கறை தெரியக் கூடாது என்று தரை முழுக்கப் பாய் விரித்து வைத்தேன். விருந்தாளிகளுக்குக் குளிருமே என்று அடுப்பில் விறகைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். விடிந்ததும் சூடு தாங்காமல் நீ பாயைச் சுருட்டினாய். கிழக்குக் கதவு திறந்திருந்தது. வெயில் தரையில் விழுந்தது.

"அக்கா, இங்க வா. இது என்ன?" என்றாய்.

"கறை."

"எப்படிக் கறை?"

"பொக்தொல் இருக்கிற வீடு. எப்படின்னு கேட்டா?"

"அக்கா, இது சொம்ஜின் ஆத்து வளைவு. நான் போட்ட ஆறு. இதோ மலை. நான் எரிக்கச் சொன்னேனே!"

"அடுப்புல வைக்கலை. அடுப்புச் சூடு ஓடற தரையில வச்சேன். சூடு பட்டுதா இல்லையா?"

நீ சிரிக்கவில்லை. முழங்காலிட்டு, கை ஊன்றி, மூக்கு தரையில் படுகிற மாதிரிக் குனிந்து, அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தவழ்ந்தாய். பொக்தொல் உன்னோடு சேர்ந்து தவழ்ந்தான். "எந்தப் பக்கம் ஒட்டினே?" என்று மட்டும் கேட்டாய். "முகத்தைக் கவிழ்த்துதான்" என்றேன். எழுந்தாய், மேல்கோட்டைப் போட்டாய், கிளம்பிவிட்டாய். சூப்பு ஆறிப்போனது.

மருமகள் வாசல் வரை வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அத்தை, மாமா கோவமா போறாரா, அவசரமா போறாரா?"

"நடையைப் பாத்தா கோவம். குடையை மறந்துட்டுப் போறதைப் பாத்தா அவசரம்."

எது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நீ அனுப்பிய படக்கட்டை அடுப்பின் வாயில் வைத்தேன். மேலே இருந்த படத்தில் நம் ஆறு இருந்தது. கை போகவில்லை. தரைக்கு அடித்தாள் வேண்டியிருந்தது. எந்த வீட்டிலும் எழுதிய பழைய தாளைத்தானே அடியில் ஒட்டுகிறார்கள்? உன் பெயரையும் முத்திரையையும் யாரும் மிதிக்கக் கூடாது என்றுதான் கவிழ்த்து ஒட்டினேன். மேல்தாள் தடித்ததாக இருந்திருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. எல்லாம் இல்கூவால் வந்தது.

மன்சிக் குவாங்ஜு பள்ளித் தேர்வுக்குப் படிக்கிறான். உன் குடை என்னிடம் இருக்கிறது.

அக்கா


கொக்சொங்
19 ஜனவரி 1975

தம்பிக்கு,

இது நான் போடும் மூன்றாவது கடிதம். நடுவில் போட்டதற்கும் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? வீட்டுக்காரியிடமாவது ஒரு வரி எழுதச் சொல்.

மன்சிக்குக் குவாங்ஜுவில் இடம் கிடைத்துவிட்டது. ஊரில் இந்த வருடம் அவனுக்கு மட்டும்தான். பொக்தொல் "பாட்டி" என்கிறான். ஓச்சொன்காரியைப் பார்த்தும் அதையேதான் சொல்கிறான், ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லும்போது தெளிவாகச் சொல்கிறான்.

நான் நிறைய யோசித்தேன். நீ தலைமுழுகிவிட்டதாகச் சொன்ன படங்களை நான் வீட்டுக்கு நடுவில் விரித்து, வருகிறவன் போகிறவன் எல்லாம் மிதிக்கிற மாதிரி வைத்துவிட்டேன். அது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. சந்திரப் புத்தாண்டுக்கு முன் தரையை உரித்து, நீ சொன்னபடியே எரித்துவிடுகிறேன். இல்கூவிடம் தடித்த தாள் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கடைக்கு நானும் கூடப் போவேன்.

விசிறிக் கம்பெனிக்குப் பதில் சொல்லிவிட்டாயா? வசந்தத்தில் இங்கே தோட்ட வேலைக்கு ஆள் தேவைப்படும். சும்மா சொன்னேன்.

அக்கா


தந்தி
சியோல், 24 ஜனவரி 1975

தரையைத் தொடாதே. உரிக்காதே. கடிதம் வருகிறது. தோகில்


சியோல்
14 பிப்ரவரி 1975

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வணக்கம், இங்கிருந்தே விழுந்து வணங்குகிறேன். மன்சிக்குக்கு என் ஆசிகள். உடம்பு நன்றாக இருக்கிறது, இடுப்பைத் தவிர.

மருமகளிடம் சொல், கோபமாகப் போகவில்லை. அவசரமாகத்தான் போனேன். உன் முதல் இரண்டு கடிதங்களும் மேசையில்தான் இருந்தன. எழுத உட்கார்ந்தால் சொல்லிவிடுவேன், சொன்னால் அது ஓடிப்போய்விடுமோ என்று பயம். உன்னைத் தவிக்க விட்டேன், தந்தி அடித்த பிறகும் மூன்று வாரம் ஆக்கிவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அன்று தரையில் நான் என்ன பார்த்தேன் தெரியுமா? தாளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வறண்ட தூரிகையால் இழுக்கிற கோடு தாளின் மேலேயே நின்றுவிடும், பின்பக்கம் வராது. மை ஊறிய ஈரத் தூரிகை எங்கே நிற்கிறதோ அங்கேதான் மை தாளுக்குள் இறங்கி மறுபக்கம் வரும். குருவின் பேரே அந்த வறண்ட கோட்டில்தான். நான் கற்றதும் அதுதான். நீ கவிழ்த்து ஒட்டியதும் அந்தக் கோடுகள் அத்தனையும் தரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. பாறை விளிம்பு இல்லை, பைன் ஊசி இல்லை. என் கை எங்கெல்லாம் தயங்கியதோ, ஆற்று வளைவில், மலையடிப் பனியில், அங்கே மட்டும் மை இறங்கி, உன் எண்ணெயில் மேலே வந்திருந்தது. அந்தத் தயக்கத்துக்காக எத்தனை அடி வாங்கியிருப்பேன்! "கை ஏன்டா நிக்குது? தண்ணி குடிக்குதா?" என்பார் குரு. அவருடையது எல்லாம் போய், அவருக்குப் பிடிக்காதது மட்டும் மிச்சம் இருந்தது. அது யாருடையது அக்கா? தவழ்ந்து தவழ்ந்து தேடினேன், அவரை எங்கேயும் காணோம்.

வந்ததும் சோயா ஊறவைத்தேன். முதல் மாதம் வெறும் தோல்வி. மாவு புளித்துத் தாளில் பூஞ்சை பிடித்தது. எண்ணெய் கூடினால் தாள் தோல் மாதிரி ஆகிறது, குறைந்தால் மை வெளியே வர மறுக்கிறது. வீட்டுக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள்: "ஐயா, ஓவியருக்கு வாடகைக்கு விட்டேன். சோயா அரைக்கற தோஃபு கடைக்கு விடலை." இரண்டு நாள் கழித்து ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "மிஞ்சற சக்கையைக் கொடுங்க, குழம்பு வைக்கறேன்." இப்போது சமாதானமாக இருக்கிறோம்.

இப்போது நான் ஈரத் தூரிகையால் மட்டும் வரைகிறேன். கை நிற்க விரும்பினால் நிற்க விடுகிறேன். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் சோயாவும் எண்ணெயும் கலந்து தேய்த்து, வெந்தரையில் காயவைக்கிறேன். பின்பக்கம்தான் படம். என்ன வரும் என்று திருப்பும்வரை எனக்கே தெரியாது. இந்த வயதில் காலையில் எழ ஆசையாக இருக்கிறது.

படம் ஒட்டித் தருகிற கிழவர் மா குழம்பிவிட்டார். "ஐயா, மூஞ்சியை உள்ள வச்சு முதுகைக் காட்டறீங்க. பாக்கறவன் என்னைத்தான் கிறுக்கன்னு சொல்லுவான்." ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தவர், புகைக்குழாயைப் பற்றவைக்க மறந்துவிட்டார்.

நேற்று திருமதி பாங் வந்தார். மூன்று படங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன், முத்திரை இன்னும் போடவில்லை. மூன்றின் முன்னாலும் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "இதெல்லாம் யார் போட்டது?"

"நான்தான்" என்றேன். அக்கா, அந்த ஒரு சொல்லைச் சொல்ல நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. மே மாதத்துக்குக் கூடத்தைத் திறந்துவிடுகிறார். விசிறிக் கம்பெனிக்கு அவர்கள் செம்பருத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முத்திரையும் புதிது. அப்பா வைத்த பெயர் மட்டும்தான் அதில் இருக்கும்.

இன்னொன்று. மேலறையை யாருக்காக ஒட்டினாய் என்று எனக்குத் தெரியும். தலையணை உறையில் என் பெயரின் முதல் எழுத்தைத் தைத்திருந்தாய். நான் தோற்று வந்தால் தங்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தாய், அதை ஒரு வரியிலும் எழுதவில்லை. இப்போது அங்கே வந்து தங்க முடியாது அக்கா. இங்கே வேலை இருக்கிறது. திவசத்துக்கும் திருநாளுக்கும் வருவேன், அந்தத் தரையில்தான் படுப்பேன்.

குடையை அனுப்ப வேண்டாம். புதிது வாங்கிவிட்டேன்.

வணங்கும் தம்பி,
தோகில்


கொக்சொங்
27 மே 1975

என் தம்பி தோகிலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். கண்காட்சிக்கு நான் வரவில்லை என்று வருத்தப்படாதே. பார்லி அறுப்பு, மருமகளுக்கு வேறு இது ஏழாம் மாதம். ஆமாம், உனக்கு இன்னும் சொல்லவில்லை. அடுத்த வெற்றி வந்துகொண்டிருக்கிறது.

இல்கூ வந்து எல்லாவற்றையும் சொன்னான். அவன் குறைத்துச் சொல்கிறவன் என்று உனக்குத் தெரியும், அவனே கையை விரித்து விரித்துச் சொன்னான். "அம்மா, ஜனங்க படத்துக்குப் பக்கத்துல மூஞ்சியைக் கொண்டுபோய் மோந்து பாக்கறாங்க. ஒரு பெரியவர் 'எங்க அம்மா வீட்டுத் தரை வாசனை'ன்னு சொல்லிட்டு அங்கேயே நின்னுட்டார். மாமா தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டார். நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

"பே ஐயா வந்தாரா?" என்றேன்.

"வந்தார். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தார். ரொம்ப நேரம் பாத்துட்டு, 'குரு இருந்திருந்தா உன்னை அடிச்சிருப்பார்டா'ன்னு மாமாகிட்ட சொன்னார். மாமா சிரிச்சார் பாரு, அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததில்லை."

இல்கூ வேறொன்றும் சொன்னான், மெல்லிய தாளை வாங்கி வந்தது அவன்தானாம், அதனால் பாதிப் பெருமை அவனுக்காம். இரண்டு நாளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான். நானும் மறுக்கவில்லை.

ஓச்சொன்காரி ஊரில் எட்டுப் பேரைக் கூட்டி வந்து மேலறைத் தரையைக் காட்டினாள், ஏதோ அவள் வீட்டுத் தரை மாதிரி. "செருப்பைக் கழட்டுங்க, இது சியோல்ல சுவத்துல மாட்டற சாமான்" என்று ஒரு கிழவரை அதட்டினாள். யார்தான் அறைக்குள் செருப்போடு வருகிறார்கள்?

மேலறையில் இப்போது ஹேசுக் மணிச்சட்டம் தட்டுகிறாள். புதுத் தலையணையையும் அவளே எடுத்துக்கொண்டாள். தைத்த எழுத்தைப் பிரித்துவிடட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். நீ திவசத்துக்கு வருகிறபோது திருப்பித் தருவாளாம். உன் ஆற்று வளைவின் மேல்தான் உட்காருவாள், அங்கே சூடு அதிகம். முதுகு வலிக்கிற நாளில் அவளைத் துரத்திவிட்டு நான் படுத்துக்கொள்கிறேன். படுத்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. வீட்டுக்காரிக்கு ஒரு ஜாடி மிளகாய் விழுது அனுப்பியிருக்கிறேன், சக்கைக் குழம்புக்கு ஆகும்.

ஒரே ஒரு வேலை சொல்கிறேன், மறக்காமல் செய். கண்காட்சி செய்தி பரவியதிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கும் புகைப்படங்களைப் பார்த்து, "இதுல உங்க தம்பி எங்க?" என்று கேட்கிறார்கள். என்னிடம் உன் புகைப்படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று, இருபத்து மூன்று வயதில் குரு வீட்டு முற்றத்தில் எடுத்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நீ பின்னால் மைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அவருடைய உயரத் தொப்பி உன் பாதி முகத்தை மறைத்துவிட்டது. "பின்னாடி, காது மட்டும் தெரியுதே, அவன்தான்" என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

ஒரு நல்ல புகைப்படக் கடைக்குப் போ. தூணுக்குப் பின்னால் நிற்காதே. உன் முன்னால் யாரையும் நிற்க விடாதே. முழு முகமும் தெரிகிற மாதிரி புதுப் படம் ஒன்று எடுத்து, இந்தக் கடிதம் கிடைத்த கையோடு தபாலில் போடு. சுவரில் ஆணி அடித்து வைத்துவிட்டேன்.

அக்கா சம்வோல்